கண்டாக்டர் ஐயாவின் மூச்சுப் பயிற்சி

எட்டியாந்தோட்டை,
செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

மதிப்புக்குரிய பெரியத்தான் அவர்களுக்கு,

"யோகாசனம் தம்பியின் இதயத்துக்குப் பலன் கொடுத்ததா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு துஷ்யந்தி" என்று போன வாரம் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. பேராதனையில் விலங்கியல் படித்தவள், இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவள், இதயத்தின் நான்கு அறைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரையக்கூடியவள். இருந்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நான்கு அறைகளில் எந்த அறையில் பிடிவாதம் குடியிருக்கிறது என்பது பாடத்திட்டத்தில் வராததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்களும் அக்காவும் கோயம்புத்தூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசாமல் இப்படி மின்னஞ்சலில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் பெயர் திரையில் தெரிந்த உடனேயே உங்கள் தம்பி "ஸ்பீக்கர்ல போடு" என்று வந்து நிற்பதுதான். அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச இந்த வீட்டில் இன்னும் யாருக்கும் துணிவு வரவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை காலையில் அவர் கொழும்புக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் அன்ஜியோகிராம். கையின் இரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, அடைப்பு எங்கே, எவ்வளவு என்று பார்ப்பார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அன்றிலிருந்து காத்திருந்து கிடைத்த திகதி இது. தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அந்த இதயம் பொறுத்துக்கொண்டிருக்குமா என்பதும் தெரியாது. உங்கள் தம்பி போக மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால், "எனக்கு யோகா போதும்" என்கிறார். யோகா என்ற சொல் இந்த வீட்டுக்குள் எந்த வழியால் வந்தது என்று உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டிய அவசியமில்லை.

கிளினிக்கில் டொக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் இருந்துதான் கேட்டேன். "யோகாசனம் நல்லது, மெதுவாகச் செய்யட்டும். ஆனால் தலைகீழாக நிற்க வேண்டாம். மாத்திரையை விட வேண்டாம். கொழும்புக்குப் போகாமல் இருக்க வேண்டாம்." இதில் உங்கள் தம்பியின் காதில் விழுந்தது முதல் இரண்டு சொற்கள் மட்டும். அந்த நேரம் பார்த்து உங்கள் பார்சலும் வந்து சேர்ந்தது. ஊதா நிறத்தில் ஒரு பாய். அதோடு, நெஞ்சடைப்பு இருந்த ஒருவர் ஆசனம் செய்தே மாத்திரைகளைத் தூக்கி எறிந்த கதையை உங்கள் குரலில் ஒரு செய்தி. அந்தக் குரற்செய்தியை அவர் கோயில் மணி மாதிரி காலையும் மாலையும் ஒலிக்க விட்டார். முப்பது வருடம் இறப்பர்த் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்டராக மலையில் ஆட்களை வேலை வாங்கியவர், தன் வாழ்க்கையில் பணிந்து கேட்ட ஒரே குரல் உங்களுடையதுதான். அது தெரிந்திருந்தும் நீங்கள் அந்தக் கதையை அனுப்பினீர்கள்.

ஆரம்பத்தில் வீட்டு முன்னறையில் தனியாகத்தான் செய்தார். தொலைபேசியில் ஒரு அம்மா மெல்லிய குரலில் "உங்கள் தோள்களைத் தளர விடுங்கள்" என்பார். இவர் திருப்பி, "விட்டுட்டேன், அடுத்ததச் சொல்லு!" என்று அதட்டுவார். அந்த அம்மா அவசரப்படாமல் "மூச்சைக் கவனியுங்கள்" என்பார். "எவ்வளவு நேரம் கவனிக்கிறது? வேற வேல இல்லையா?" என்று இவர் அந்தப் பெண்ணோடு சண்டை பிடிப்பார். நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அமைதிக்காகச் செய்கிற ஒரு காரியத்தை இவ்வளவு ஆத்திரத்தோடு செய்யும் மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருநாள் அந்தச் சத்தத்தையும் காணோம். அமைதியாகிவிட்டார், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே தேங்காய் எடுக்கச் சமையலறைக் கதவைத் தள்ளித் திறந்தேன். அது முன்னறைப் பக்கம் திறக்கும் கதவு. டொக்டர் வேண்டாம் என்று சொன்ன சிரசாசனத்தை அவர் அந்தக் கதவில் காலைச் சாய்த்துக்கொண்டு செய்வார் என்று நான் எப்படி எதிர்பார்ப்பது? நல்ல வேளையாக அரிசி மூட்டை இருந்தது. விழுந்த இடத்திலிருந்தே, "கதவத் தட்டிட்டுத் தொறக்கத் தெரியாதா? என்னத்த கெம்பஸ்ல படிச்ச?" என்று கேட்டார். சொந்தச் சமையலறையிலிருந்து வெளியே வருவதற்குக் கதவைத் தட்ட வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை, அத்தான்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உண்மைக் காரணம் புரிந்ததாம். தனியாகச் செய்வதால்தான் பலன் இல்லையாம், ஆட்கள் வேண்டுமாம். அதாவது அதட்டுவதற்கு ஆட்கள் வேண்டும். தோட்ட மனேஜர் பெரிய துரையிடம் போய், காலையில் வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டுக் கொட்டகையைப் பின்னேரத்தில் மட்டும் கேட்டு வாங்கிவிட்டார். துரை நல்ல சிங்கள மனிதர். இதய நோயாளியோடு வாக்குவாதம் செய்யக் கூடாது என்று நினைத்து "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டியிருப்பார். இறப்பர் பால் வெட்டி, வாளியைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்களை வழியில் மறித்து, "எல்லாரும் வாங்க, நெஞ்சுக்கு நல்லது" என்று கூப்பிட்டார். நான் சிரித்தேன். விடியுமுன் எழும்பி இறப்பர் மலையில் ஏறி இறங்கிய பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது போல, ஒருத்தியும் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தார்கள். உரப்பையை விரித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அடுத்த நாள் அதைவிடக் கூடுதலாக வந்தார்கள். சந்தியில் கடையும் வேனும் வைத்திருக்கும் ஜவ்பர் நானாகூடச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பால் வெட்டும் பெண்களுக்குச் சங்கத் தலைவியாக இருக்கும் மூக்காயியை வழியில் கண்டு கேட்டேன்.

"உண்மையச் சொல்லு மூக்காயி, யோகா அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"மத்ததெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர். கடைசியா ஒண்ணு சொல்லிக்குடுக்கிறாரே, செத்த பொணமாட்டம் மல்லாக்கக் கெடக்கிறது, அதுக்குத்தான் எல்லாரும் வாறோம்."

"அத வீட்டுல செய்யலாமே?"

"வீட்டுல மல்லாக்கப் படுத்தா ஒருத்தன் டீ கேப்பான், ஒருத்தன் சட்டையக் காணோம்பான், மாமியாக்காரி ஒடம்புக்கு என்னான்னு வந்து நிப்பா. இங்கன படுத்தா ஐயா மட்டுந்தான் சத்தம் போடுவாரு. அது பழகின சத்தந்தானே டீச்சர், தூக்கம் கெடாது."

இதை நான் உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்கே விளங்கிவிட்டது, ஏனென்றால் குறட்டை கேட்கத் தொடங்கிவிட்டது. சவாசனம் என்றால் தூங்குவதல்ல, விழித்திருந்து உடம்பைத் தளர விடுவது என்று அவருடைய கொள்கை. ஆகவே அவர் மட்டும் படுக்கமாட்டார். படுத்திருக்கும் வரிசைகளுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்பு இறப்பர் மரங்களுக்கு நடுவில் நடந்த மாதிரியே நடப்பார். "அங்க யாரு கண்ணத் தொறந்திருக்கிறது?" "அந்தோணியம்மா, தோளத் தளர விடு! விடுங்கிறேன்!" "நானா, மூச்ச எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க? விடுங்க!" பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீதியில் இருந்தே கேட்கும். தளர்ச்சிக்காக இப்படித் தொண்டை கிழியக் கத்தும்போது அவருடைய கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொட்டகையில் எல்லாருடைய இதயமும் நன்றாக இருந்தது, ஒருவருடையதைத் தவிர.

ஒருநாள் கித்துல்கலவுக்குப் படகு விடப் போகும் வெள்ளைக்காரர்களின் வேன் கொட்டகை ஓரமாக நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். இவர், "பிந்தி வந்தா இடமில்ல" என்றார். அவளுக்குத் தமிழ் தெரியாத புண்ணியத்தால் புன்னகைத்தாள். எல்லா ஆசனங்களையும் எலும்பே இல்லாதவள் போலச் செய்து முடித்துவிட்டு, போகும்போது இவருக்குப் பின்னால் வந்து, காதுவரை ஏறியிருந்த இவருடைய இரண்டு தோள்களையும் மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கி வைத்தாள். கொட்டகையே சிரித்தது. தோள்கள் அவள் வேனில் ஏறுவதற்குள் திரும்பவும் மேலே போய்விட்டன. அன்றிலிருந்து வெளிநாட்டு வாகனம் நின்றால் வகுப்பை நிறுத்திவிடுகிறார்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தது போன மாதத்து விஷயம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் கூட்டமாகத் தரையில் விழுந்து கிடந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்பது உங்களுக்கும் மறந்திருக்காது. குளவி கொட்டியிருக்கிறது. தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த லொறிச் சாரதி, பாவம், நல்ல மனம் படைத்த பையன், வளைவைத் திரும்பியதும் கொட்டகை நிறையப் பெண்கள் அசையாமல் கிடப்பதையும், நடுவில் ஒருவர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறான். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, "தெபரு! தெபரு!" என்று குளவியின் பெயரைச் சிங்களத்தில் அலறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டான். தோட்டத்துக்குள்ளும் செய்தி பரவிவிட்டது. நெருப்புப் பந்தத்தோடு ஒருவர், போர்வையோடு ஒருவர், சுண்ணாம்போடு ஒருவர் என்று ஆண்கள் ஓடி வந்தார்கள். அழகமுத்து தன் மனைவி கிடந்த கிடையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவள் கண்ணைத் திறந்து, "ஐயோ, இங்கயும் வந்துட்டியா?" என்றாளாம்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்குப் பார்க்க நோயாளி இல்லை. வந்ததற்கு யாரையாவது பார்ப்போமே என்று, கத்திக்கொண்டு நின்ற உங்கள் தம்பியின் கையில் பட்டியைக் கட்டி அழுத்தம் பார்த்தார்கள். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "மாத்தயா, பொட்டக் ரிலாக்ஸ் வென்ன" என்று கெஞ்சினார், ஐயா, கொஞ்சம் தளர்வாக இருங்கள் என்று. இவர் கேட்டாரே ஒரு கேள்வி: "நான்தான்யா இங்க எல்லாருக்கும் ரிலாக்ஸ் சொல்லிக்குடுக்கிறவன்! எனக்கே சொல்றியா?" அவரை ஏற்றிக்கொண்டு போகாமல் விடுவதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. இதய நோய் உள்ள ஒருவருக்கு யோகாசனம் கற்பிக்கும்போது அழுத்தம் கூடியதற்கு என்ன காரணம் எழுதுவது என்று அந்த மனிதர் பேனாவோடு யோசித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன், அத்தான். ஒரு மனிதர் பின்னேரங்களில் கத்துவதற்கு ஓர் இடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்தூரியம் சாடியில் மண் கிளறும்போது அவருடைய கொலஸ்ட்ரோல் மாத்திரைகளைக் கண்டெடுத்தேன். பாதி கரைந்தும் கரையாமலும் இருந்தன. எங்கள் வீட்டு அந்தூரியத்துக்கு இப்போது கொழுப்பு அறவே இல்லை. கேட்டேன். "அண்ணன் சொன்னாருல்ல, மூச்சு சரியா வந்தா மாத்திர வேணாம்னு" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல எதிரில் நின்று கொடுத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். வெட்கம் அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை. நேற்று ஜவ்பர் நானாவிடம் புதன்கிழமைக்கு வேன் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தால், பின்னாலேயே இவர் போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

"ஏன் வேணாம்னீங்க?"

"எதுக்கு வேன்? நான் எங்கயும் போகல."

"அடைப்பு எங்க இருக்குன்னு பாக்க வேணாமா?"

"அடைப்பெல்லாம் தொறந்துருச்சி. எனக்குத் தெரியாதா? என் நெஞ்சு."

"உங்க நெஞ்சுதான். அது நின்னா எழும்பி ஓட வேண்டியது நானு."

ஊதாப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

நான் யோகாசனத்துக்கு விரோதி அல்ல. மெதுவாக மூச்சை இழுத்து விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது, அழுத்தம் ஓரளவு இறங்குகிறது, மனம் அடங்குகிறது. இதை நானே வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். மருந்தோடும் நடையோடும் சேர்த்துச் செய்தால் நல்லது என்றுதான் டொக்டரும் சொன்னார். ஆனால் அடைபட்ட குழாயை மூச்சு வந்து திறந்துவிடும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. பயனைச் சொன்ன நீங்கள் அதன் எல்லையையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த உடனே, இன்று இரவே, அவரைக் கூப்பிட்டு, "நாளைக்குக் கொழும்புக்குப் போ" என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், விளக்கம் வேண்டாம், அந்த நெஞ்சடைப்புக்காரரின் கதையைத் திரும்பவும் வேண்டவே வேண்டாம். மூத்தவராக ஓர் உத்தரவு போடுங்கள். அந்த வகுப்பையும் மூடச் சொல்லுங்கள். இனிமேல் தயவுசெய்து வீடியோ, குரற்செய்தி, பாய், எண்ணெய், மூலிகைத்தூள் எதையும் அனுப்பாதீர்கள். உங்கள் மனம் நோக எழுதியிருந்தால் மன்னியுங்கள். நோகாமல் எழுதிப் பார்த்த கடிதங்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவருடைய முழங்கால் வலிக்கு நீங்கள் ஆசனம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் இருக்க முருகன் துணையிருப்பான். உங்களுக்கு எங்கள் இருவரின் வணக்கம். இருவரில் ஒருவருக்கு இப்படி வணக்கம் சொன்னது தெரியாது.

இப்படிக்கு,
தம்பி மனைவி,
துஷ்யந்தி கிருஷ்ணகுமார்.

பின்குறிப்பு (புதன்கிழமை பின்னேரம், கொழும்பு):

மேலே உள்ள கடிதம் நேற்றுப் போகவில்லை. மழையில் எங்கள் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரம் வேலை செய்யாமல் போய், இரவு முழுக்கத் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. உங்கள் உத்தரவும் வரவில்லை. விடிந்தும் மழை விடவில்லை. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது என்பதால், மழை விட்டால் போவோம் என்று பெண்கள் எல்லாரும் பெரட்டுக் கொட்டகையிலேயே ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். இவர் விடிந்ததும் பாயைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார், கொழும்புக்குப் போகவில்லை என்பதை ஊரறியக் காட்டுவதற்காக. நான் கிளினிக் காகிதங்களை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு எல்லார் முன்னாலும் சண்டை போட்டுவிடுவது என்ற முடிவோடு பின்னால் போனேன். வீதியில் ஜவ்பர் நானாவின் வேன் நின்றது.

"ஐயா வேணாம்னாரு, டீச்சர் வேணும்னீங்க. ரெண்டு பேர்ல யாருக்குப் பயப்படணும்னு எனக்குத் தெரியும் தானே" என்றார் நானா. கொட்டகைக்குள் போய்த் தேத்தண்ணீர் குடிக்கும்போது பெண்களிடம் விஷயத்தையும் சொல்லிவிட்டாராம்.

கொட்டகைக்குள் நான் போனபோது எல்லாரும் மல்லாந்து கிடந்தார்கள். நடுவில் இவர்.

"எல்லாரும் எழும்பி நேரா நில்லுங்க! மொதல்லயே யாரு படுக்கச் சொன்னது?"

ஒருவரும் அசையவில்லை.

"மூக்காயி! காது கேக்கலியா?"

"கேக்குதுங்க" என்றாள் மூக்காயி, கண்ணைத் திறக்காமல். "எழும்ப மாட்டோம். ஸ்ட்ரைக்கு."

"யோகாவுல என்னாடி ஸ்ட்ரைக்கு?"

"கொழும்புக்குப் போற வேன் ரோட்டுல நிக்குதுங்க. நீங்க ஏறுங்க, நாங்க எழும்புறோம்."

"அது என் சொந்த விசயம்!"

"எங்க சம்பளம் எங்க சொந்த விசயம். அதுக்கு மேப்பிரட்டு டிவிசன் ரோட்டுல வெயில்ல கெடந்தோமே, மறந்துட்டீங்களா? இது நெழலு. ஒரு மாசம்னாலும் கெடப்போம்." பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "ஆமா, சாப்பாட்ட மட்டும் கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மழை விட்டது. பெரிய துரை ஜீப்பில் வந்து இறங்கி, பிந்தியாவது வெட்டுக்குப் போகச் சொல்லலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்காயி கிடந்தபடியே அவருக்குச் சிங்களத்தில் விளக்கம் கொடுத்தாள். துரை மேலே வெளுக்கும் வானத்தைப் பார்த்தார், கீழே கிடக்கும் ஆட்களைப் பார்த்தார், உங்கள் தம்பியைப் பார்த்துக் கை கூப்பாத குறையாக, "அனே, மிஸ்டர் கிருஷ்ணகுமார், யன்டகோ!" என்றார். போய்த் தொலையுங்களேன் என்பதற்கு மரியாதையான சிங்களம் அது.

எல்லாப் பக்கமும் அடைபட்டுவிட்டது. இவர் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் நெஞ்சுவலிதான் என்று பதறி ஓடினேன். வலி இல்லை.

"கைக்குள்ளால கம்பி விட்டு நெஞ்சு வரைக்கும் கொண்டுபோவாங்களாம்" என்றார், அந்தக் கொட்டகை ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரலில். "மயக்க மருந்தும் குடுக்க மாட்டாங்களாம். முழிச்சிக்கிட்டே கெடக்கணுமாம். எனக்குப் பயமா இருக்கு."

இவ்வளவு நாளும் இதுவா என்று எனக்குத் தோன்றியது. மாத்திரை, மூச்சு, அண்ணன் சொன்னது, எல்லாவற்றுக்கும் அடியில் இதுதானா? அழுவதா, அடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். மூக்காயிதான் முதலில் பேசினாள்.

"முழிச்சிக்கிட்டு, ஆடாம அசையாம, மல்லாக்கக் கெடக்கணும். அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்."

"அத நாங்க தெனம் செய்யிறோம். இந்தக் கொட்டகையில அதச் செய்யாத ஆளு நீங்க ஒருத்தருதாங்க. சொல்லிக்குடுத்துட்டு நீங்க ஒருநாளாச்சும் படுத்தீங்களா? தள்ளிப் படுங்கடி, ஐயாவுக்கு எடம் விடுங்க."

கிடந்தபடியே எல்லாரும் சிரித்ததில் தகரக் கூரை அதிர்ந்தது. என் பின்னாலேயே வந்து தானும் படுத்துவிட்ட ஜவ்பர் நானாவுக்குப் பக்கத்தில் ஓர் உரப்பை காலியாக இருந்தது. உங்கள் தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊதாப் பாயை ஓரமாக வைத்துவிட்டு, உரப்பையில் படுத்தார். கண்ணை மூடினார். யாரும் அதட்டவில்லை. தோள்கள் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியதை நானே கண்ணால் பார்த்தேன். துரை கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார். சற்று நேரம் போனதும் இவர் எழும்பி, வேட்டியைத் தட்டிவிட்டு, போய் வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்தார். நானும் ஏறி, நானா வந்து வேனை எடுத்து, அது நகர்ந்த பிறகுதான் பெண்கள் எழும்பினார்கள்.

ஆகவே அத்தான், அவரைக் கூப்பிட்டு உத்தரவு போட வேண்டாம். வகுப்பை மூடச் சொல்லவும் வேண்டாம். மூடினால் சங்கம் விடாது. பாய் அனுப்ப வேண்டாம் என்று எழுதியதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சிமெந்துத் தரை ஈரம். உங்களால் முடிந்தால் ஒரு கொட்டகைக்குப் போதுமான அளவு அனுப்புங்கள். நிறம் எதுவானாலும் பரவாயில்லை.

இப்போது வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்து இதை எழுதுகிறேன். நாளை காலையில் முதல் ஆளாக அவரைக் கொண்டுபோவார்களாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்கள மனிதர். அவருக்கும் நாளைக்குத்தான், அவருக்கும் பயம். உள்ளே உங்கள் தம்பி அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார். "ஹுஸ்ம கன்ன! ம்... ஹுஸ்ம அரின்ன! விடுங்க மாத்தயா, விடுங்கிறேன்!" இங்கே கூடம் வரை கேட்கிறது. இப்போதுதான் தாதி வெளியே வந்து, "மேடம், உங்க மாத்தயாவக் கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் சொல்லவில்லை.